வாய்மொழியும் பொறியெழுத்தும்: சப்ரகமுவத் தோட்டத்தாரின் பேச்சு ஏடேறிய வரலாறு பற்றிய சில குறிப்புகள்

மலையக மக்கள் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனமையை ஒட்டி, 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நிகழ்ந்த நடைபயணமும், அதனைச் சூழ நடைபெற்ற கருத்தரங்குகளும் கண்காட்சிகளும், முதியோரின் நினைவுகளை அவர்தம் குரலிலேயே பதிந்து வைத்தல் வேண்டும் என்னும் வேட்கையைப் பலரிடத்துத் தோற்றுவித்தன. நாமும் அவ்வேட்கைக்கு ஆட்பட்டோம். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, கஹவத்தை, பலாங்கொடை ஆகிய இடங்களைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்குச் சென்று, கைத்தொலைபேசியின் துணைகொண்டு முதியோர் சிலரின் பேச்சைப் பதிந்தோம். பதிதல் எளிதாயிற்று, எழுதுதலே இடராயிற்று. ஒரு மணிநேரப் பேச்சைக் கேட்டெழுத எமக்கு ஒரு முழுப் பகல் போதவில்லை. எனவே, பேச்சை எழுத்தாக்கும் செயலிகளுள் எதனைத் தெரிவது என்ற வினா எழுந்தது.

இவ்வினாவைக் கடையிற் பண்டந் தெரிவது போன்ற ஒன்றாகவே முதலிற் கருதினோம் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. விலை என்ன, விரைவு என்ன, பிழை எத்துணை என்பனவே எமது அளவுகோல்களாயின. ஆயின், பொறி தந்த முதற் பக்கங்களை வாசித்தபொழுது, அப்பிழைகள் எமக்கு முன்னரே அறிமுகமானவைபோலத் தோன்றின. தோட்டத்தாரின் பேச்சை வேறொருவர் எழுதுவது இது முதன்முறை அன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அப்பேச்சு பிறர் கையாலேயே ஏடேறி வந்துள்ளது. ஏறும்போதெல்லாம் ஒரு குறித்த திசையிலேயே திரிந்தும் வந்துள்ளது. அத்திரிபின் வரலாற்றை நோக்காது செயலியைத் தெரிதல் இயலாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

சப்ரகமுவவின் தனித்தன்மையை முதலிற் குறிப்பிடல் பொருத்தமாகும். மலையகம் என்றதும் நுவரெலியாவின் குளிரும் தேயிலைச் சரிவுமே நம் ஆய்வாளர் நெஞ்சில் எழுகின்றன. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் நிலை வேறு. தேயிலையோடு இறப்பரும் இங்குப் பெருமளவிற் பயிராகிறது. இறப்பருக்குத் தேயிலையளவு ஆள் வேண்டுவதில்லை. எனவே தமிழ்த் தொழிலாளர் திரண்டு வாழாது, சிங்களக் கிராமங்களுக்கிடையே சிறுசிறு லயங்களாகச் சிதறி வாழ்ந்தனர். பால்வெட்டும் களத்திற் சிங்கள உழைப்பாளரும் உடனிருந்தனர். இவ்வுற்பத்தி உறவே மொழியையும் உருவாக்கிற்று. திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த கிளைமொழிகள் ஒன்றோடொன்று கலந்து, ‘மாத்தயா’, ‘பன்சலை’ என்பன போன்ற சிங்களச் சொற்களையும், ஆங்கிலத்திலிருந்து உருத்திரிந்தனவற்றையும் ஏற்றுத் தனியொரு பேச்சு வழக்காயின. பிள்ளைகள் பலர் சிங்களமொழிமூலம் பயில நேர்ந்தமையும் இதனோடு சேர்த்தெண்ணத் தக்கது. ஒரே வாக்கியத்தில் இரு மொழிகள் வருவது இங்குக் குறைபாடன்று, வாழ்க்கை.

இனி, அப்பேச்சை முதன்முதலில் எழுதியவன் யார் என நோக்குவோம். அவன் புலவனுமல்லன், நாட்டாரியலாளனுமல்லன், கணக்கப்பிள்ளை. விடியற்காலையிற் பெரட்டுக்களத்திற் பெயர் கூப்பிட்டு, வந்தோரைச் செக்றோலிற் பதிவது அவன் தொழில். தோட்டத்துத் தமிழில் ஒருநாட் கூலிக்குப் ‘பேர்’ என்பதே பெயர். நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. இறப்பர்த் தோட்டத்தில் மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லையேற் பேரும் இல்லை. சப்ரகமுவவின் மழையை அறிந்தார்க்கு இதன் கொடுமையை விளக்க வேண்டியதில்லை. மனிதனின் பெயரே அவன் கூலியின் அலகாயிற்று என்பதும், அப்பெயர் எழுதப்பட்டாலன்றி அவனது உழைப்புக் கணக்கில் இல்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கன. அப்பெயரும் ஆங்கில எழுத்தில், துரைக்கு விளங்கும் வகையிலேயே எழுதப்பட்டது. முத்தையா எவ்வாறு எழுதப்பட்டான் என்பது முத்தையாவுக்குத் தெரியாது.

1921இல் ஒழிக்கப்பட்ட துண்டு முறையும் இத்தகையதே. தொழிலாளி தரவேண்டிய கடனைக் கட்டினால் அவனை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதித்தந்த சிறு தாள் அது. அத்தாளின்றி அவன் வேறு தோட்டம் செல்ல முடியாது. கடன் எவ்வாறு வளர்ந்தது என்பது குறித்துக் கங்காணிக்கும் தொழிலாளிக்கும் இடையே வாய்ச்சொல் எவ்வளவோ நிகழ்ந்திருக்கும். தாளில் நின்றது தொகை மட்டுமே. பேச்சு உழைப்பாளியுடையது, எழுத்து முதலாளியுடையது என்ற பிரிவு தோட்ட அமைப்பின் அடித்தளத்திலேயே இருந்தது என இதனைக் கொண்டு கூறலாம்.

நீதிமன்றத்தில் இப்பிரிவு மேலும் கூர்மையடைந்தது. கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மியர் தோட்டத்தை இதற்குச் சான்றாகக் காட்டலாம். கிராம விரிவாக்கத்தின் பொருட்டு அரசு அத்தோட்டத்தைக் கையகப்படுத்தித் தொழிலாளரை வெளியேறப் பணித்தது. அவர்கள் மறுத்தனர். அத்துமீறல் வழக்குகள் தொடுக்கப்பட்டன. இலங்கை இந்தியக் காங்கிரஸ் 1946இல் நடத்திய பெரும் வேலைநிறுத்தம் இதன் தொடர்பிலேயே எழுந்தது. குற்றவியல் அத்துமீறல் என்பது உட்கருத்தைப் பொறுத்த குற்றம். ஒருவன் ஏன் அவ்விடத்தை விட்டுப் போகவில்லை என்பதற்கு அவனே கூறும் விடையே வழக்கின் உயிர். அவ்விடை தமிழிற் பிறந்து, மொழிபெயர்ப்பாளன் வாய்வழி ஆங்கிலமாகி, நீதவானின் ஏட்டிற் சுருங்கிற்று. ‘இதுதான் எங்க ஊரு’ என்னும் பொருள்பட ஒருவன் பேசியிருந்தால், ஊர் என்ற சொல்லின் கனத்தை எந்த ஆங்கிலச் சொல் தாங்கியிருக்கும்? இன்னுமொன்று: அத்தோட்டத்தை அங்கு வாழ்ந்தோர் நேவ்ஸ்மியர் என அழைத்தாரல்லர், அவர்க்கு அது உருளவள்ளி. அரச ஏட்டில் ஒரு பெயரும் உழைப்போர் வாயில் மற்றொரு பெயருமாக ஏறத்தாழ எல்லாத் தோட்டங்களுமே இரட்டைப் பெயர் பூண்டு நிற்கின்றன. முதியவர் ஒருவர் தம் வாழ்க்கையைக் கூறுமிடத்து இரண்டாம் பெயரையே வழங்குவார் என்பதைப் பின்னர் நினைவிற் கொள்ள வேண்டியிருக்கும்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கிற்று. அடுத்த ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர், 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன்னர் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமையை நிறுவவேண்டியிருந்தது: மணமானோர்க்கு 7 ஆண்டு, ஏனையோர்க்கு 10 ஆண்டு. வாழ்ந்ததற்குச் சான்று அவர்தம் நினைவு, கேட்கப்பட்டதோ தாள். செக்றோலில் ஒரு வகையாகவும், பிறப்புப் பதிவில் வேறொரு வகையாகவும், விண்ணப்பத்தில் மூன்றாம் வகையாகவும் எழுதப்பட்ட ஒரே பெயர் மூன்று மனிதராய்த் தோன்றிற்று. அவ்வாறு நேர்ந்தபொழுது பெயரை எழுதியவனை எவரும் விசாரிக்கவில்லை; பெயருக்குரியவனே விசாரிக்கப்பட்டான். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, 150,000 பேரைப் பின்னர் தீர்மானிக்க ஒதுக்கியபோதும் எழுத்தே ஆளை ஆண்டது. எழுத்துப்பிழை என்பது தோட்டத்தில் ஒருபோதும் இலக்கணச் சிக்கலாக இருந்ததில்லை.

இதற்கெதிராக, மக்கள் சார்பில் நின்று எழுதியோரும் உளர். கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மாளும் எழுதிய பாட்டுகள் ஏட்டிலிருந்து வாய்க்குச் சென்றன. இது எதிர்த்திசைப் பயணம். சி. வி. வேலுப்பிள்ளை (1914-1984) தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். தமிழகத்தில் நா. வானமாமலை (1917-1980) நாட்டார் பாடல்களை வர்க்க நோக்கிற் கற்கும் மரபை நிலைநாட்டினார். இவர்கள்பால் எமக்குள்ள மதிப்புப் பெரிது. எனினும் ஒன்று கூறல் வேண்டும். நம் முன்னோடிகள் பாட்டையே பெரிதும் நாடினர். பேச்சை நாடியது குறைவு. பாட்டுக்கு எதுகையும் மோனையும் தாளமும் காவலாக நிற்கின்றன. தொகுப்போன் ஒரு சொல்லைத் திருத்தினால் ஓசை காட்டிக்கொடுத்துவிடும். உரைநடையான வாக்குமூலத்திற்கு அத்தகைய காவல் எதுவுமில்லை. எழுதுவோன் நினைத்தவாறு அதனை வெட்டலாம், ஒட்டலாம், செம்மை என்ற பெயரில் உயிரை வாங்கலாம்.

எம்மிடமுள்ள பதிவுகளோ பெரும்பாலும் வாக்குமூலங்களே. 1977 ஆகஸ்டின் வன்செயல்கள் சப்ரகமுவத் தோட்டங்களையும் தாக்கின. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்தின் கஹவத்தை, பலாங்கொடைப் பகுதி லயங்கள் தாக்குதலுக்கும் தீக்கும் இலக்காயின. சிறுபான்மையாய்ச் சிதறி வாழ்ந்தமையே இம்மக்களை எளிதில் தாக்கத்தக்கோராக்கிற்று. பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் வன்னிக்கும் பெயர்ந்தன; சில மீண்டன. அயலவரே காத்ததும் அயலவரே தாக்கியதும் ஒரே வாயால், ஒரே மூச்சிற் கூறப்படுகின்றன. அத்தகைய பேச்சில் ‘அவங்க’ என்ற சொல் எவரைக் குறிக்கின்றது என்பதே ஒரு வரலாற்றுச் செய்தியாகும். அதனை எழுதும் பொறி எத்தகையதாய் இருத்தல் வேண்டும்?

பொறிக்கும் ஒரு வரலாறு உண்டு. எடிசனின் ஒலிப்பதிவுக் கருவி 1877இல் தோன்றிற்று. 1913ஆம் ஆண்டளவில், கிரியர்சனின் இந்திய மொழியளவீட்டுத் திட்டத்தையொட்டிக் கிராமபோன் இசைத்தட்டுகளிற் பதிவுகள் தொடங்கின. அவற்றில் மாதிரிப் பகுதியாக வழங்கியது ஊதாரி மைந்தன் உவமை. ஒரு நூற்றாண்டு கழிந்து, 2023இல் மெற்றா நிறுவனம் 1,100க்கு மேற்பட்ட மொழிகளைப் பொறிக்குக் கற்பித்தபொழுது, பெரிதும் பயன்பட்டது புதிய ஏற்பாட்டை வாசித்த ஒலிப்பதிவே. விவிலியத்தை நாம் குறைகூறவில்லை. உலகெங்கும் ஒரே நூல் ஏராளமான மொழிகளிற் கிடைப்பது ஆய்வாளர்க்கு வசதி. ஆனால், வாசிக்கப்பட்ட நூலிற் கற்ற பொறி வாசிப்பையே பேச்சென எண்ணும். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு மூச்சுவாங்கப் பேசும் பெண்ணின் மொழி அதற்குப் பிழைபட்ட வாசிப்பாகவே கேட்கும்.

கூகிள் 2017இல் தமிழிற் குரல்வழித் தட்டெழுத்தை விரித்தபொழுது, இலங்கைத் தமிழ் என்று தனித்தெரிவொன்றையும் வைத்தது. தெரிவுப் பட்டியலில் இலங்கை ஒன்றே. மலையகமும் யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் அங்கு ஒன்றாகின்றன. ஓப்பன் ஏஐ நிறுவனம் 2022 செப்டெம்பரில் வெளியிட்ட விஸ்பர் என்னும் நிரல் 680,000 மணிநேர ஒலியிற் பயின்றது. அதில் ஏறத்தாழ மூன்றிலிரண்டு பங்கு, அதாவது 438,000 மணிநேரம், ஆங்கிலம். எஞ்சியதை ஏனைய 96 மொழிகள் பகிர்ந்துகொண்டன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஏஐ4பாரத் குழு இந்திய மாவட்டங்கள்தோறும் இயல்பான பேச்சைத் திரட்டி வருவது வரவேற்கத்தக்கது. எனினும், அம்மாவட்டங்களிலிருந்து ஆள்கட்டிக் கடல்கடத்தப்பட்டோரின் வழிவந்தோர் அவ்வெல்லைக்குள் வருவதில்லை. குடியுரிமைச் சட்டங்கள் கீறிய கோட்டையே தரவுத் தொகுப்பும் பின்பற்றுவது தற்செயலாயினும் கவனிக்கத்தக்கது.

எமது சோதனையின் சில பேறுகளைக் கூறுவோம். செயலிகளின் பெயரை இங்குச் சுட்டவில்லை. அவை மாதந்தோறும் மாறுவன, இன்றைய பிழை நாளை இராது. ‘கொந்தரப்பு’ ஒரு செயலியிற் ‘கொந்தளிப்பு’ ஆயிற்று. ஒப்பந்தக் கூலிவேலையைக் குறிக்கும் சொல் இது. கொந்தரப்புக்குப் போனோம் என்றவர் கொந்தளிப்புக்குப் போனவராக நின்றார். புரட்சிகர வாசகர் மகிழலாம், வரலாறு மகிழாது. ‘பெரட்டு’ புரட்டாயிற்று. லயத்தைப் பொறி அறிந்திருந்தது, ஆனால் இசையின் லயமாக. உருளவள்ளி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வகையாய் உருண்டது. ‘அரைப்பேர் போட்டுட்டாங்க’ என்பதைப் பிறிதொரு செயலி ‘அரைப்பேர் போட்டுவிட்டார்கள்’ எனத் திருத்தித் தந்தது. முன்னைய பிழைகள் கண்ணிற் படுவன. இது கண்ணிற் படாதது. எம்முள் ஒருவர் இதனைச் சிறந்த செயலி எனப் புகழ்ந்ததும் உண்டு. உண்மையில் இதுவே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனின் நேர்வாரிசு: பேசியவளைப் பள்ளிக்கூடத் தமிழிற் பேசவைத்துப் பதிவேட்டுக்குத் தகுதியாக்குகிறது. முரட்டுப் பிழை செய்யும் பொறியைக் காட்டிலும் நாகரிகமாய்த் திருத்தும் பொறியே ஆய்வாளனுக்கு ஆபத்தானது என்ற முடிவுக்கு வந்தோம்.

சிங்களம் கலந்த இடங்களில் நிலை மேலும் மோசம். ஒலியைச் சிறு துண்டுகளாக்கி, ஒரு மொழியென வைத்துக்கொண்டு எழுதுவதே இத்தகைய நிரல்கள் பலவற்றின் இயல்பு. விஸ்பர் கையாளும் துண்டு 30 வினாடி. தமிழென்று தீர்மானித்துவிட்டால் சிங்களச் சொல் தமிழ்ச் சொல்லாக வளைக்கப்படும், அல்லது விடப்படும்.

யாவற்றினும் கொடிது மௌனத்தின் சிக்கல். விஸ்பரை ஆராய்ந்து 2024இல் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரையொன்று, எழுத்துருக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றில், எவரும் பேசாத சொற்றொடர்கள் புனைந்து சேர்க்கப்பட்டிருந்தமையைக் காட்டிற்று. பேச்சற்ற இடைவெளி மிகுந்தவிடத்து இது மிகுந்தது. காரணம் விளங்கிக்கொள்ளத்தக்கதே. பொறி கேட்பதோடு அமைவதில்லை. அடுத்து வரக்கூடிய சொல்லை ஊகிக்கவும் செய்கிறது. கேட்பதற்கு ஒன்றுமில்லாவிடத்து ஊகமே எஞ்சும். வணிகக் கூட்டமொன்றின் நடவடிக்கைக் குறிப்பில் நூற்றுக்கொன்று பொறுக்கத்தக்கதாகலாம். எரிந்த லயத்தைப் பற்றிப் பேசுபவர் நிறுத்துமிடங்கள் பல. அந்நிறுத்தங்களை நிரப்பும் கருவியைக் கொண்டு எழுதிய வாக்குமூலம் எவருடைய வாக்குமூலம்?

எஞ்சியிருப்பது ஒலி எங்கே தங்குகிறது என்ற வினா. இலவசச் செயலிகள் பல ஒலியைத் தொலைவிலுள்ள கணினிக்கு அனுப்பியே எழுத்தாக்குகின்றன. தோட்டத்துக் கொழுந்து இலண்டன் மின்சிங் லேன் ஏலத்திற்குச் சென்று, பொதியாகி விலையுடன் திரும்பிய கதை நமக்குப் புதிதன்று. குரலும் மூலப்பொருளாய்ச் சென்று, செப்பமுற்ற சேவையாய்க் கட்டணத்துடன் திரும்பலாம். பொருளாதாரம் ஒருபுறமிருக்க, 1981இல் தன் லயத்தைத் தாக்கியவனின் பெயரைக் கூறும் முதியவள் இன்றும் அவன் உறவினரின் கடைக்கே சாமான் வாங்கச் செல்கிறாள். அவள் எம்மிடம் கூறினாள், நிறுவனமொன்றிடம் கூறவில்லை. இலங்கையின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியது நன்று. ஆனால் அவள் நம்பியது எம்மையே, சட்டத்தையன்று.

ஆகவே, நாம் கொண்ட முறை இது. வன்செயல், காணி, குடியுரிமை பற்றிய பதிவுகளை இணையத் தொடர்பை அறுத்த கணினியில், அக்கணினியிலேயே இயங்கும் திறந்த நிரல்கொண்டு மட்டுமே எழுத்தாக்குகிறோம். விரைவு குறைவு, பிழை மிகுதி, ஒலி எம் அறையை விட்டு நீங்குவதில்லை. பாட்டும் விடுகதையும் போன்றவற்றுக்கு, உரியவர் இசைந்தால், கைத்தொலைபேசியின் குரல்வழித் தட்டெழுத்தையும் பயன்படுத்துவதுண்டு. பதிவைக் காதில் கேட்டு ஒருவர் தம் குரலில் திருப்பிச் சொல்லிப் பொறியை எழுதவைக்கும் உத்தியும் உளது. பிழை வெகுவாய்க் குறைகிறது. ஆனால் இடையில் மீண்டும் ஒரு மொழிபெயர்ப்பாளன் வந்து அமர்ந்துவிடுகிறான். எனவே அதனைக் கைவிட்டோம்.

பொறி தருவதை நகலென்றே கொள்கிறோம். அந்நகலை ஒலியோடு ஒப்பிடுபவர் அதே மாவட்டத்து லயமொன்றிற் பிறந்து, பல்கலைக்கழகம் வந்த மாணவி ஒருவர். மணிக்கணக்கில் அவருக்கு ஊதியம் வழங்கப்படுகிறது. ஆய்வு உதவி என்ற பெயரில் இலவச உழைப்புப் பெறுவதை நாம் ஏற்பதில்லை. பல்கலைக்கழகங்களில் அது வழக்கமாயினும். ஒலித்தவாறே ஒரு நிரலிலும், நூல்வழக்கில் மறு நிரலிலும் அவர் எழுதுகிறார். தோட்டப் பெயர்களுக்கு அவரே ஓர் அகராதி தொகுத்து வருகிறார். எம் பட்டியலில் இல்லாத பெயர்கள் பல அவர் தாயாரிடமிருந்து வந்தவை.

அவர் திருத்திய பக்கமொன்று எம்முன் உள்ளது. பலாங்கொடைக்கு அண்மையிற் பதிந்தது. பேசியவர் ஓரிடத்தில் நிறுத்துகிறார். தகரக் கூரையில் மழை விழும் ஓசை மட்டும் ஏறத்தாழ முக்கால் நிமிடம் கேட்கிறது. நாம் முன்னர்ப் பயன்படுத்திக் கைவிட்ட செயலி அவ்விடத்தில், நன்றி கூறி விடைபெறும் ஒரு சொற்றொடரை எழுதியிருந்தது. மாணவி அதனை அடித்துவிட்டு இவ்வாறு எழுதியுள்ளார்: ‘மழைச் சத்தம். அம்மாயி பேசவில்லை.’